நாற்பத்தைந்து அடி ஆழம்

நோயாளி உள்ளே வந்ததும் முதலில் அவர் தலையைத்தான் பார்ப்பேன். எண்ணெய் மினுங்குகிறதா?

குளித்து, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, நெற்றியில் திருநீறு இட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது எங்கள் பக்கத்து மரியாதை. அப்படி வந்தவரிடம் ஷாம்பு கொடுத்து, தலையை அலசிவிட்டு வரச் சொல்வது என் வேலையில் சேர்ந்தது. அடுத்து சட்டைப்பை. பீடி, தீப்பெட்டி, செல்போன், வலித்தைலக் குப்பி எல்லாம் வெளியே ஒரு தட்டில் போய்விடும். உடுத்தியிருப்பது டெரிகாட்டனா, நைலானா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன். நாங்கள் கொடுக்கும் பருத்தி அங்கியோடுதான் உள்ளே போக முடியும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் சில பெண்கள் அழுதுவிடுவார்கள். அவர்களிடம் நான் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து, பருத்தித் துணி சுற்றி, மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவோம்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் தீ. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் ஒரு பொறி போதும். எண்ணெய்த் தலையும் நைலான் சேலையும் திரியாகிவிடும். 1997 அக்டோபரில் இத்தாலியின் மிலன் நகரத்தில் இப்படி ஓர் அறைக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். கை சூடாக இருக்க நோயாளி ஒருவர் உள்ளே கொண்டுபோன சிறு கருவியிலிருந்து கிளம்பிய தீ அது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்வேன். வால்வைப் பற்றிச் சொல்வது இரண்டாம் நாள்.

நான் டாக்டர் இல்லை. ஆறாத புண்ணுக்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கிறார்களே, அந்த அறையை ஓட்டுகிறவன். ஊர்க்காரர்கள் அதை 'ஆக்சிஜன் பெட்டி' என்கிறார்கள். எங்களுக்குள் 'சேம்பர்'.

தூத்துக்குடியில் வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருந்தார்கள். வள்ளத்தில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் வெகுநேரம் சங்கு தேடுவார்கள். மேலே வந்தபின் சிலருக்கு மூட்டு மூட்டாய் வலிக்கும். சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விடும். வீட்டில் அதை வாதம் என்றுதான் சொன்னார்கள். கடற்படையில் மருத்துவ உதவியாளனாகச் சேர்ந்து, கொச்சி டைவிங் பள்ளியில் அழுத்த அறையை முதல்முதலாகப் பார்த்த அன்றுதான் அது வாதம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடுகிறது. அவசரமாக மேலே ஏறினால், கோலி சோடாவில் குண்டை அழுத்தியதும் பொங்குமே, அப்படி உடம்புக்குள் குமிழி கிளம்புகிறது. அதற்கு வைத்தியம், அந்த ஆளை மறுபடி ஆழத்துக்குக் கொண்டுபோவது. கடலில் இல்லை, இரும்பு அறைக்குள். 60 அடி ஆழத்தின் அழுத்தம் ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, 4 மணி 45 நிமிடத்தில் மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். ஸ்டிரெச்சரில் தூக்கி வந்த மாலுமி ஒருவர் அன்று மாலை தானே நடந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். எங்கள் தெருவில் திண்ணையோடு கிடந்து செத்துப்போன ஒரு சித்தப்பாவின் முகம் அப்போது நினைவுக்கு வந்தது. இந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

சர்வீஸ் முடிந்து வெளியே வந்தபின் தனியார் மருத்துவமனைகளில் அதே வேலை. இப்போது எங்கள் சேம்பரில் ஒரே நேரத்தில் 6 பேர் உட்காரலாம். கடலில் இறங்கியவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் தாடை எலும்பு செத்துக்கொண்டிருப்பவர்கள் சிலர். மற்ற எல்லாரும் சர்க்கரைக் கால்.

உள்ளே ஏற்றுவது 2.4 மடங்கு அழுத்தம். கடலில் சுமார் 45 அடி ஆழம். கதவைச் சாத்தி வால்வைத் திறந்ததும் உள்ளே புழுக்கம் ஏறும், காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாகக் காற்றை முட்டவேண்டும். 'பட்' என்று காது திறக்கும். முடியாதவர்களுக்கு மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுப்போம். ஒருவர் கை தூக்கினாலும் இறக்கத்தை நிறுத்திவிடுவேன். அவசரப்பட்டால் செவிப்பறை கிழியும். ஆழம் வந்ததும் முகக்கவசம் வழியாக 90 நிமிடம் சுத்த ஆக்சிஜன், நடுவில் இரண்டு முறை ஐந்தைந்து நிமிடம் சாதாரணக் காற்று. மேலே ஏறும்போது உள்ளே குளிர்ந்து, மார்கழி விடியல் மாதிரிப் பனி மூட்டம் போடும். முதல் நாள் அதைப் புகை என்று நினைத்துப் பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

உப்பள வேலை பார்க்கும் ஓர் ஆச்சி வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சிறுபிள்ளையிலிருந்து வெறுங்காலோடு பாத்தியில் நின்ற கால். வலது பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு புண், 7 மாதமாக ஆறவில்லை. மஞ்சள் வைத்துப் பார்த்திருக்கிறார், மருந்துக்கடையில் பவுடர் வாங்கித் தூவியிருக்கிறார். வலி இல்லாததால் வேலைக்கும் போயிருக்கிறார். எங்கள் சர்ஜன் புண்ணுக்குள் கம்பியை விட்டதும் 'டொக்' என்று எலும்பில் தட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எங்களுக்கு வயிறு கலங்கும். புண் எலும்புவரை போய்விட்டது என்று அர்த்தம்.

"ஏன்யா, ஊர்ல உலகத்துல இருக்கிற காத்து எனக்குப் பத்தலியா? உள்ள போட்டு அடைச்சிக் குடுத்தாத்தான் ஆறுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "ஆச்சி, ரத்தத்துல ஆக்சிஜன் ரெண்டு வழியாப் போகுது. ஒண்ணு, மூட்டை கட்டி லாரில போற உப்பு மாதிரி. ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுதான் லாரி. அதுல ஏற்கெனவே முழு லோடு. இன்னும் ஏத்த எடமில்ல. இன்னொண்ணு, தண்ணியில கரைஞ்சு போற உப்பு மாதிரி. அது சாதாரணமா ரொம்பக் கொஞ்சம். அழுத்தி ஏத்துனா அது கூடும். ஒங்க கால்ல லாரி போற ரோடு பல எடத்துல குறுகிப்போச்சி. தண்ணி கசிஞ்சாவது போகும்லா?"

"அப்ப உப்புத்தண்ணி பாய்ச்சுத மாதிரிதான்" என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வாசகருக்குக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காற்றை மூச்சிழுக்கும்போது 100 மில்லி ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.3 மில்லிதான். 3 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனை இழுத்தால் அது 6 மில்லியை எட்டும். ஓய்வாக இருக்கும் உடம்புக்கு அதுவே ஏறக்குறைய போதும். ஆம்ஸ்டர்டாமில் போரமா என்ற அறுவை மருத்துவர் பன்றிகளின் ரத்தத்தை ஏறத்தாழ முழுவதும் எடுத்துவிட்டு, பிளாஸ்மா போன்ற நீரை ஏற்றி, இந்த அழுத்தத்தில் உயிரோடு வைத்துக் காட்டினார். 1960-ல் அதை 'ரத்தமில்லா வாழ்வு' என்ற தலைப்பில் வெளியிட்டார். லாரியே இல்லாமல், கரைந்த உப்பை வைத்தே ஓட்டிவிட்டார்.

புண்ணுக்குள் அந்த ஆக்சிஜன் செய்யும் வேலை பல. கிருமியைத் தின்னும் வெள்ளை அணுக்கள் அதைச் சுட்டுக்கொல்ல ஆக்சிஜன் வேண்டும். புதுச் சதைக்குச் சட்டமாக நிற்கும் கொலாஜன் இழை முறுக்கேறுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். இல்லாவிட்டால் இழை உருவாகும், வலு இருக்காது. பல நாள் தொடர்ந்து கொடுத்தால் புண்ணின் ஓரத்தில் புது ரத்தக் குழாய்கள் துளிர்க்கின்றன. மஞ்சளாய்ச் செத்துக் கிடந்த புண்ணின் அடித்தளத்தில், மாதுளை முத்துப்போல் சிவப்பாகச் சின்னச் சின்ன மணிகள் எழும்பும். கட்டுப் பிரிக்கும் நர்ஸ் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். நல்ல சதை. அந்த நாளில் எங்கள் பிரிவில் எல்லாரும் டீ வாங்கிக் குடிப்போம்.

ஆச்சிக்கு அது பன்னிரண்டாம் சிட்டிங்கில் வந்தது. ஆனால் சேம்பர் மட்டும் செய்த காரியம் இல்லை அது. முதலில் சர்ஜன் அழுகலையும் செத்த எலும்புத் துண்டையும் வெட்டி எடுத்தார். காலின் ரத்தக் குழாய்களை டாப்ளரில் பார்த்தார்கள். புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் ஒரு சின்ன உணரியை ஒட்டி ஆக்சிஜனை அளந்தார்கள். வெளியே 28 காட்டிய அளவு, சேம்பருக்குள் 200-ஐத் தாண்டியது. இந்த ஏற்றம் இருந்தால்தான் சிகிச்சை பலிக்கும் என்று நம்பலாம். வெளியே 40-க்குக் கீழே இருப்பதும் உள்ளே 200-க்கு மேலே போவதும் சேர்ந்து வந்தால், நான் நிம்மதியாக வால்வைத் திறப்பேன்.

அப்புறம் நடை. புண் உள்ள காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று ஒரு பூட்ஸ் கொடுத்தோம். ஆச்சி அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறார். மறுநாள் கட்டுத் துணியில் ரத்தம். நான் கோபப்படவில்லை; வலிக்காத காலை நினைவில் வைத்துக்கொண்டு நடப்பது யாராலும் முடியாது. சீழ் அடங்கியதும் டாக்டர் கழற்ற முடியாத மாவுக்கட்டே போட்டுவிட்டார்.

இந்த மாவுக்கட்டைச் சொல்லும்போது பால் பிராண்டைச் சொல்லாமல் போகக் கூடாது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளுக்காக உழைத்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, உணர்வு போனதால் அடிபட்டு அடிபட்டுத்தான் விரல் போகிறது என்று கண்டு சொன்னவர் அவர். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் அந்தப் புண்கள் ஆறின. அதே பாடம் பிறகு சர்க்கரைக் காலுக்குப் போனது. கோடிக்கணக்கில் விலை போகும் சேம்பரை ஓட்டுகிறவன் நான். சில நூறு ரூபாய் மாவுக்கட்டுக்கு முன்னால் அது இரண்டாவதுதான் என்று மனதாரச் சொல்கிறேன்.

32 சிட்டிங் முடிந்தது. நாலாம் வாரத்தில் ஆச்சி இன்னொரு சந்தோஷம் சொன்னார்: தூரத்து பஸ் போர்டு மங்கலாகிவிட்டது, ஆனால் ரேஷன் கார்டு எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரிகிறதாம். இந்தச் சிகிச்சையில் கண்ணின் பார்வை கிட்டப்பார்வைப் பக்கம் கொஞ்சம் நகரும். முடிந்த சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். புதுக் கண்ணாடி வாங்கிவிட வேண்டாம் என்று சொன்னேன். ஐந்தாம் மாதம் புண் மூடியது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவர் மறுபடி உப்பளத்துக்கே போனார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோறு அங்கேதான் இருக்கிறது.

பிழைத்த கதையை மட்டும் சொன்னால் பொய் சொன்னவனாவேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். நாலாம் விரலில் புண், கால் சில்லென்று இருந்தது. பாதத்தின் மேல் நாடியைத் தொட்டுப் பார்த்தேன், துடிப்பு கிடைக்கவில்லை. 20 சிட்டிங்குக்குப் பணம் முன்னமே கட்டிவிட்டார்கள். டாப்ளர் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். "மொதல்ல ஆரம்பிங்க, பெறகு பாக்கலாம்" என்றார்கள். ஆரம்பித்தேன். தினமும் வந்து, "தம்பி, இன்றைக்குக் கடல் அமைதியாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு உட்காருவார். பதினெட்டாம் நாள் விரல் கருத்திருந்தது. அன்றுதான் ரத்தக்குழாய் மருத்துவரிடம் அனுப்பினார்கள். தொடையிலேயே குழாய் அடைபட்டுக் கிடந்தது. முதல் நாளே போயிருந்தால் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ திறந்திருக்கலாம். அதற்குள் நோய் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மடையே அடைபட்ட வாய்க்காலில் எவ்வளவு உப்புக் கரைத்தாலும் வயலுக்குப் போகாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் 18 நாள் வால்வைத் திறந்தேன். அந்த வேலையை அந்த மாதமே விட்டேன். அதனால் அவருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

அறைக்குள்ளேயும் ஆபத்து உண்டு. அழுத்தத்தில் ஆக்சிஜன் மூளையைச் சீண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878-லேயே எழுதிவிட்டார். பல ஆயிரம் சிட்டிங்கில் ஒன்றில் வலிப்பு வரும். என் அனுபவத்தில் ஒரு முறை பார்த்தேன். ஒருவருக்கு உதடு துடித்தது. அடுத்த நொடி உடம்பு விறைத்தது. உள்ளே இருந்த நர்ஸ் முகக்கவசத்தைப் பிடுங்கிவிட்டார். வெளியே என் பக்கத்தில் நின்ற பையன் பதறிப்போய் மேலே ஏற்றும் வால்வில் கை வைத்தான். அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன். வலிப்பில் தொண்டை இறுகி மூச்சு உள்ளே பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும். ஆளைக் காப்பாற்ற, அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் இருக்கும். வலிப்பு நின்றது, மூச்சு வந்தது, பிறகு மெதுவாக மேலே கொண்டுவந்தோம். மூன்றாம் நாள் அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

சர்க்கரை குறைந்தாலும் வலிப்பு வரும் என்பதால் ஒவ்வொரு நாளும் விரலில் குத்திப் பார்த்துத்தான் அனுப்புவோம். 120-க்குக் கீழே இருந்தால் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட்டபின்தான். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வருகிறவர்களை நான் கடிந்துகொள்வேன். மார்புப் படம் பார்க்காமல் யாரையும் ஏற்றுவதில்லை. நுரையீரலுக்கு வெளியே காற்று கோத்திருந்தால் அவருக்கு இந்த அறை எமன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று படித்த நோயாளிகள் கேட்பார்கள். ஸ்வீடனில் 94 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆக்சிஜனும் மற்றவர்களுக்கு அதே அறையில் வெறும் காற்றும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஒரு வருடத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கும் புண் முழுதாக ஆறியது. 2010-ல் வெளியான ஆய்வு அது. 2016-ல் கனடாவில் நடத்திய ஆய்வில், காலையோ விரலையோ எடுக்க வேண்டிய தேவை குறையவில்லை. 2018-ல் நெதர்லாந்தில் 120 பேரிடம் நடந்த ஆய்விலும் தெளிவான பலன் தெரியவில்லை. அங்கே பலர் சிட்டிங்குகளை முழுதாக முடிக்கவே இல்லை. மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் அனுபவம் சொல்வதுதான் எனக்குத் தெரிகிறது. ஆழப் போன புண், ஓரளவாவது திறந்திருக்கும் ரத்தக் குழாய், சுத்தம் செய்த சதை, கட்டுக்குள் வந்த சர்க்கரை, ஊன்றாத கால் என்று எல்லாம் அமைந்தவருக்கு இது கைகொடுக்கும். வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கொடுக்காது. சர்க்கரைப் புண்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் அரசுக் காப்பீடே 30 நாள் முறையான வைத்தியம் பார்த்தும் முன்னேற்றம் இல்லாத ஆழமான புண்ணுக்கு மட்டும்தான் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது.

இதனால்தான், காற்றடைத்த பை மாதிரி ஒரு கூடாரத்தில் படுக்கவைத்து 1.3 மடங்கு அழுத்தம் ஏற்றி, முகப்பொலிவு, ஆட்டிசம், புற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் விற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. இப்படிப்பட்ட வாக்குறுதிகளை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே மக்களை எச்சரித்தது. பிள்ளைக்காக நகையை அடகு வைத்துவிட்டு வரும் தாயிடம் அதை விற்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது காலில் ஆறாத புண் இருந்து, சேம்பருக்குப் போகச் சொன்னால், தாராளமாகப் போங்கள். ஆனால் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். காலின் ரத்த ஓட்டத்தை அளந்தீர்களா? புண்ணைச் சுத்தம் செய்தது யார்? காலை ஊன்றாமல் இருக்க என்ன ஏற்பாடு? முதல் கேள்விக்கே "பெறகு பாக்கலாம்" என்று பதில் வந்தால், ஒரு நாள்கூட அங்கே நிற்காதீர்கள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு நேராக ரத்தக்குழாய் மருத்துவரிடம் போங்கள்.